கல்லிமெரஸ்: புது இனமா, செதில் உதிர்ந்த பழைய இனமா?

(ஒரு மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

குழிப்புள்ளி

கையில் 6 கல்லிமெரஸ் வண்டு மாதிரிகள் இருக்கின்றன. கிளெரிடே குடும்பம் என்பதிலும் கல்லிமெரஸ் பேரினம் என்பதிலும் சந்தேகமில்லை. எல்லாமே தாழ்நில மழைக்காட்டில் ஒரே வாரத்தில், பகலில் கொடிகளைத் தட்டிப் பிடித்தவை. நீளம் 7.2 முதல் 9.1 மி.மீ. உறைச்சிறகு வெளிர்மஞ்சள், பக்கத்துக்கு 3 கரும்பொட்டு, இடையில் வெள்ளைச் செதில்மயிர்த் திட்டுகள். 3, 5 எண் மாதிரிகளில் மட்டும் நடுத்திட்டு இல்லை. 6-இல் பொட்டுகள் கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கின்றன.

இருக்கிற அடையாளத் திறவுகோலில் (பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்துக்குக் கொண்டுபோகும் வரிசை) போட்டால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. நெருக்கமாகத் தெரியும் பழைய இனங்கள் இரண்டு. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அவற்றை அ, ஆ என்று வைத்துக்கொள்கிறேன். திட்டு இருப்பவை ஒரு புது இனம், இல்லாதவை இன்னொன்று என்று எழுதலாமா? விவரணையை எங்கிருந்து தொடங்குவது?

பட்டைக்கடியில்

எழுதத் தொடங்காதீர்கள். முதலில் 3-ஐயும் 5-ஐயும் 40 மடங்கில் பாருங்கள். கல்லிமெரஸின் வெள்ளை, தோலின் நிறமல்ல. தட்டையான செதில்மயிர்கள் நெருக்கமாகப் படிந்ததால் வரும் வெள்ளை. கொல்கிற குப்பியில் நாலு வண்டு சேர்ந்து உருண்டாலே உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் நெருக்கமான நுண்குழிகள் மட்டும் மிஞ்சும். குழி இருந்து மயிர் இல்லையென்றால் அது தேய்ந்த மாதிரி. குழியே இல்லையென்றால்தான் திட்டு உண்மையிலேயே இல்லை என்று பொருள்.

இன்னொரு வழியிலும் வெள்ளை மறையும். உடலுக்குள் இருக்கும் கொழுப்பு கசிந்து மயிர்களை நனைத்தால் அவை கண்ணாடி போல ஆகிவிடும். அடியிலுள்ள மஞ்சள் மட்டும் தெரியும். வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் எண்ணெய் மினுமினுப்பு தெரியும். அசிட்டோனில் ஓர் இரவு ஊறவைத்து எடுத்து உலர்த்தினால் திட்டு திரும்ப வரும். ஒட்டிய அட்டையோடு போடாமல் வண்டைக் கழற்றிப் போடுங்கள்.

6-ஆம் மாதிரி இளசாக இருக்கலாம். கூட்டிலிருந்து வெளிவந்து ஓரிரு நாளே ஆன வண்டில் கறுப்பு முழுதாக ஏறியிருக்காது. உறைச்சிறகை ஊசிமுனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் இளசுதான்.

இரவுவிளக்கு

கிளெரிட்களில் நிறத்தை நம்பி வைத்த பெயர்கள் எத்தனையோ பின்னால் ஒத்தபெயர்ப் பட்டியலில், அதாவது ஒரே இனத்துக்கு வைத்த மிகைப்பெயர்களில், போய்ச் சேர்ந்தன. எறும்பையும் சிறகற்ற மியூட்டிலிட் குளவியையும் போலத் தோற்றம் காட்டும் வண்டுகள் இந்தக் குடும்பத்தில் நிறைய. சிவப்பு, கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் பேரினம் தாண்டிக்கூட ஒரே மாதிரி வரும். ஒரே இனத்துக்குள்ளும் பட்டை அகலம் மாறும்.

நீளத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவை வேட்டைப் பூச்சிகள். புழுப்பருவத்தில் எவ்வளவு தின்றது என்பதைப் பொறுத்து வளர்ந்த வண்டின் அளவு மாறும். 7.2-க்கும் 9.1-க்கும் உள்ள வித்தியாசம் ஒரே இனத்துக்குள் சாதாரணம்.

குழிப்புள்ளி

பார்த்தேன். 3-இல் குழிகள் இருக்கின்றன, மயிர் இல்லை. 5-இல் மயிரே இருக்கிறது, எண்ணெயில் ஒட்டிக் கிடக்கிறது. 6 அமுங்குகிறது. ஆக ஆறும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாமா?

பட்டைக்கடியில்

ஆறும் ஒன்று என்பதற்கும் இன்னும் ஆதாரம் இல்லை. வேறு வேறு என்பதற்கு இருந்த ஆதாரம் போய்விட்டது, அவ்வளவுதான். அடிவயிற்றைத் திருப்பி ஆண் பெண் பிரியுங்கள். கிளெரிட்களில் வழக்கமாக ஆறு அடிவயிற்றுத் தட்டுகள் வெளியே தெரியும். ஆணில் ஆறாவது தட்டின் பின்விளிம்பு பெரும்பாலும் வெட்டுப்பட்டோ குழிந்தோ இருக்கும். பெண்ணில் முழுதாக உருண்டிருக்கும். அதன்பிறகு ஆண்களின் உறுப்பைப் பிரித்தெடுங்கள். அந்த வேலையைக் கிளிசரின்துளி சொல்வார், எனக்குக் கை நடுங்கும்.

கிளிசரின்துளி

சொல்கிறேன். மற்ற வண்டுக்குச் செய்வது போலவே கல்லிமெரஸுக்கும் செய்தால் செதில் போய்விடும், அதனால் வரிசையைக் கவனியுங்கள்.

காய்ந்த வண்டை வெந்நீரில் போடுவது வழக்கம். இங்கே அது வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் ஈர மணல், மேலே வடிதாள், ஓரத்தில் பூஞ்சை வராமல் இருக்க இரண்டு தைமால் படிகம். அதற்குள் வண்டை நனையாமல் வைத்து 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். ஈரப்பதத்திலேயே மூட்டுகள் தளரும். மூடியின் உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் அது சொட்டி வண்டின் மேல் விழும். அதனால் மூடிக்கும் உள்ளே ஒரு வடிதாள் ஒட்டிவிடுங்கள்.

தளர்ந்ததும் மல்லாத்தி, முனை வளைத்த மிகமெல்லிய ஊசியைப் பின்னங்காலின் அடிப்பகுதிக்கும் முதல் அடிவயிற்றுத் தட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைத்து நெம்புங்கள். வயிறு முழுசாகக் கழன்று வரும். முதுகுப்பக்கத்து மெல்லிய தோல் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்காமல் ஊசியால் அறுங்கள்; இழுத்தால் பின்மார்புத் தட்டும் சேர்ந்து வரும்.

வயிற்றை மட்டும் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுங்கள். 100 மில்லி கரைசலுக்கு 10 கிராம். அறை வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரம், அல்லது 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சிறுகுழாயை நிறுத்தி 15 முதல் 30 நிமிடம். நேரடித் தீயில் வேண்டாம், கரைசல் பொங்கித் தெறிக்கும், வயிறும் அதோடு போகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். திறந்து வைத்த பழைய கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலுவிழக்கும். வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் கழிந்தும் தசை கரையவில்லையென்றால் நேரத்தைக் கூட்டாமல் கரைசலைப் புதிதாகச் செய்யுங்கள்.

வெந்நீர் முறையில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தசை ஜெல்லி போல ஒளிபுகும் பதம்தான் சரி. தாண்டிவிட்டால் கடினமான பாகம் நிற்கும், ஆனால் உள்பையும் இணைப்புச் சவ்வுகளும் நிறமற்றுப் போய், எது எதோடு சேர்ந்தது என்று தெரியாது.

எடுத்து நீரில் இருமுறை அலசி, மூன்றாவது நீரில் ஒரு துளி அசிட்டிக் அமிலம் விட்டு அலசி, பிறகு கிளிசரினுக்கு மாற்றுங்கள். ஆணுறுப்பைப் பின்வாசல் வழியாகவே இழுத்தெடுங்கள். தட்டுகளை வெட்டித் திறக்க வேண்டாம். ஆறாவது தட்டும் அதன் மேலிருக்கும் முதுகுத்தட்டும் உங்களுக்கு அடையாளப் பண்புகள், அவற்றை முழுசாக வரைய வேண்டியிருக்கும்.

கிளெரிட்களின் ஆணுறுப்பில் டெக்மென் என்ற பகுதி ஓர் உறை போல, ஃபாலஸ் என்ற நடுக்குழலைச் சுற்றி நிற்கும். பார்க்க வேண்டியவை: டெக்மென் முனையின் இரு மடல்கள் எவ்வளவு நீளம், எவ்வளவு தூரம் பிரிந்திருக்கின்றன, ஃபாலஸ் முனை கூரா, மழுங்கலா, வளைவா, ஃபாலஸ் தட்டுகளில் பல் உண்டா, முன்பக்கம் நீளும் தண்டு எவ்வளவு. மேல், கீழ், பக்கம் என மூன்று கோணம். கண்ணாடி வில்லையால் மூடி அழுத்தாதீர்கள், மடல்கள் விரிந்து இன்னொரு இனம் போலவே காட்சி தரும்.

நாலாம்விதி

இடையில் ஒன்று. வயிறு கழற்றிய வண்டு, கரைசல் குழாய், கிளிசரின் கிண்ணம் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஆறு வயிறு ஆறு கிண்ணத்தில் எண் இல்லாமல் நின்றால் அத்தனையும் வீண்.

கிளிசரின்துளி

உண்மை. எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். இங்க்ஜெட் மை ஆல்கஹாலில் கரையும். லேசர் அச்சு கரையாது, ஆனால் நாளானால் எழுத்து பொருக்காக உரிந்து மிதக்கும்.

பாதுகாப்பதற்குச் சிறு கிளிசரின் குப்பியை அதே ஊசியில் மாட்டுவது ஒரு வழி. மூடி தளர்ந்தால் கிளிசரின் வழிந்து லேபிளையே நனைக்கும். எனக்குப் பிடித்தது, நீரில் கரையும் டிஎம்எச்எஃப் பிசின் ஒரு துளியில் அட்டைமேல் வைத்து வண்டுக்குக் கீழே அதே ஊசியில் குத்துவது. யாருக்காவது மறுபடி பார்க்க வேண்டுமென்றால் வெந்நீரில் கழன்றுவிடும்.

குழிப்புள்ளி

1, 2, 4, 5 ஆண்கள். 3, 6 பெண்கள். நான்கு ஆண்களிலும் ஆறாவது தட்டில் ஆப்பு வடிவ வெட்டு ஒரே ஆழம். டெக்மென் மடல்களும் ஒன்றுபோலவே. ஆனால் 4-இல் ஃபாலஸ் முனை கொக்கி போல வளைந்திருக்கிறது, மற்ற மூன்றில் நேர். இது இரண்டாவது இனமா?

கிளிசரின்துளி

முதலில் கிண்ணத்தில் அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். கிளிசரினில் ஆணுறுப்பு தானாகவே உருளும். மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு 30 டிகிரி சாய்வில் பார்த்தால் நேர்முனை வளைவாகத் தெரியும், வளைமுனை நேராகவும் தெரியும். அசையாமல் நிறுத்த, கை சுத்தம் செய்யும் ஜெல்லைக் குழிவில்லையில் விட்டு அதில் புதையுங்கள். குமிழி வராமல் இருக்க ஜெல்லை முன்கூட்டியே விட்டு ஓர் இரவு அடங்கவிடுங்கள். டெக்மென் மடல்கள் இரண்டும் சமமாகத் தெரியும்வரை ஊசியால் திருப்புங்கள். அதுதான் மேற்கோணம். நான்கையும் அதே நிலையில் நிறுத்திவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். வேலை முடிந்ததும் ஜெல்லை வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட வேண்டும், காய்ந்தால் படலம் கட்டும்.

குழிப்புள்ளி

நன்றி சார். மடல்களைச் சமப்படுத்தியதும் நான்கும் ஒன்று. பக்கக்கோணத்தில் எல்லாவற்றிலுமே முனை லேசாக வளைவுதான். நான் 4-ஐப் பாதிச் சாய்வில் பார்த்திருக்கிறேன்.

பார்கோடு

இவ்வளவு சுற்றுவதற்கு ஒரு காலை எடுத்து சிஓஐ மரபணுவின் டிஎன்ஏ வரிசை பார்த்தால் போதாதா? 658 கார இணை நீளம், வழக்கமான எல்சிஓ1490, எச்சிஓ2198 பிரைமர்கள். பெண்கள் இந்த ஆண்களோடு சேர்ந்தவையா என்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. ஒரே கொடியில் கிடைத்தன என்பது ஆதாரம் ஆகாது. கல்லிமெரஸ் இரண்டு மூன்று இனம் ஒரே கொடியில் இருக்கும்.

பட்டைக்கடியில்

பெண்களைச் சேர்ப்பதற்குச் சரி. புது இனம் என்று நிரூபிக்க அது மட்டும் போதாது. அ, ஆ இரண்டுக்கும் வரிசை இருக்கிறதா? 19-ஆம் நூற்றாண்டில் ஊசியில் குத்திய டைப்பிலிருந்து (இனப்பெயர் எந்த மாதிரியைச் சார்ந்து நிற்கிறதோ அது) வரிசை எடுப்பது சாதாரண ஆய்வகம் செய்கிற வேலை இல்லை. ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் 'தரவுத்தளத்தில் எதோடும் பொருந்தவில்லை' என்று சொல்வதில் என்ன இருக்கிறது? வெப்பமண்டலக் கிளெரிட்களில் பெரும்பாலானவை அந்தத் தளத்தில் ஏறவே இல்லை.

பார்கோடு

அது நியாயம்தான். ஆனாலும் பின்னால் வருகிறவருக்குப் பயன்படும், எடுத்து வைப்பதில் நட்டமில்லை. எடுப்பதென்றால் இதைக் கவனியுங்கள். இவை இரைதின்னிகள். வயிற்றுத் திசுவிலிருந்து எடுத்தால் தின்ற பூச்சியின் டிஎன்ஏ-வும் சேர்ந்து பெருகும், அந்துப்பூச்சி வரிசை வந்து நிற்கும். வலது நடுக்காலை எடுங்கள். உயிரணுவின் உட்கருவில் ஒட்டிக்கொண்ட, இந்த மரபணுவின் போலிப் பிரதியும் வரலாம். புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்து நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது போலி. எத்தில் அசிடேட்டில் கொன்றவற்றில் டிஎன்ஏ துண்டுபட்டிருக்கும். அடுத்த முறை மைனஸ் 20-இல் ஓர் இரவு உறையவைத்துக் கொன்று, ஒரு காலை 96 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிட்டு மீதியை உலர்மாதிரியாக ஏற்றுங்கள். 2, 3 சதவீத வேறுபாடு என்பது ஒரு கைக்கணக்குதான். அதை இனத்தின் எல்லைக்கோடு என்று எழுதிவிடாதீர்கள்.

ஹோலோடைப்பாக, அதாவது புதுப்பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரியாக, போகிறதன் காலைத் தொடாதீர்கள். பாராடைப் (அதோடு சேர்த்துக் குறிக்கும் மற்ற மாதிரி) ஒன்று போதும்.

இரவுவிளக்கு

ஒப்பீட்டுக்கு வருவோம். என் கணக்கில் புது இனம் எழுதும் வேலையில் முக்கால் பங்கு மற்ற இனங்களைப் பார்ப்பதுதான்.

கோர்ப்பொரால் 1950-இல் வெளியிட்ட கிளெரிட்களின் உலகப் பட்டியலில் தொடங்கி, பேரினத்தின் கீழுள்ள எல்லாப் பெயரையும், ஒத்தபெயர்கள் உட்பட, ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள். 1950-க்குப் பிறகு வந்தவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும்: மூல விவரணை படித்தாயிற்றா, டைப் எங்கே, எந்தப் பாலினம், படம் உண்டா. பழைய விவரணை பல நேரம் இலத்தீனில் ஐந்தாறு வரி. அதில் நிறம் தவிர வேறொன்றும் இருக்காது. டைப்பைப் பார்க்காமல் அந்த ஐந்து வரியை வைத்து 'இது வேறு' என்று எழுதிய கட்டுரைகளால்தான் இந்தக் குடும்பம் குழம்பிக் கிடக்கிறது.

டைப்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. 1844-இல் கிளெரிட்களுக்குத் தனிநூல் எழுதிய ஸ்பினோலாவின் தொகுப்பு டூரினில். க்ளூக் விவரித்தவை பெர்லினில். கோர்ஹாம் விவரித்தவற்றைப் பாரிஸிலும் லண்டனிலும் தேட வேண்டும். கல்லிமெரஸ் என்ற பேரினத்தையே 1876-இல் வைத்தவர் அவர்தான் என்பதால் உங்களுக்கு இது முக்கியம். கோர்ப்பொராலின் தொகுப்பு ஆம்ஸ்டர்டாமிலிருந்து லெய்டனுக்குப் போய்விட்டது. பொறுப்பாளருக்கு எழுதும்போது 'படம் அனுப்புங்கள்' என்று மட்டும் எழுதினால் மேலிருந்து ஒரு படம் வரும், பயனில்லை. மேல், கீழ், பக்கம், ஆறாவது தட்டு அருகில், எல்லா லேபிள்களும் பிரித்து வைத்து என்று கேளுங்கள்.

வேறு கண்டத்து இனங்களையும் தள்ளிவிடாதீர்கள். டார்சோஸ்டெனஸ் யூனிவிட்டாட்டஸ், மரத்தூள் வண்டைத் தின்றபடி மரச்சரக்கோடு உலகம் சுற்றியது. நெக்ரோபியா ரூஃபிபெஸ் கொப்பரையோடும் உப்புக்கண்டத்தோடும் போனது. இப்படிப் போனவற்றுக்குப் போன இடத்தில் எல்லாம் புதுப்பெயர் வைத்தார்கள். கொடியில் வாழும் கல்லிமெரஸ் கப்பலேறுவது அரிதுதான், ஆனாலும் பட்டியலை ஒரு கண் ஓட்டுவதில் தப்பில்லை.

பட்டைக்கடியில்

நெக்ரோபியா என்றதும் ஒன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் போர்தோ சிறையில் கிடந்த பூச்சியியலாளர் லாத்ரேயின் உயிரைக் காத்தது, சிறையறையில் அவர் கண்டு அரிது என்று சொன்ன நெக்ரோபியா ருஃபிகொலிஸ் என்பார்கள். கிளெரிடே குடும்பத்துக்கு 1802-இல் பெயர் வைத்தவரும் அவரே. வேடிக்கை என்னவென்றால் அந்த வண்டு புதுசும் இல்லை, ஃபாப்ரீசியஸ் 1775-லேயே விவரித்துவிட்டார்.

குழிப்புள்ளி

ஆ-வின் டைப் ஆண், படங்கள் கிடைத்தன. ஆறாவது தட்டு மேலோட்டமாகக் குழிந்திருக்கிறது, வெட்டு இல்லை. ஆக ஆ கழிந்தது. அ-வின் டைப் பெண். மேலிருந்து எடுத்த ஒரே படம்தான் இருக்கிறது. அதற்குள் அளவுகளையும் எழுத்து வேலையையும் முடித்துவைக்கலாம் என்று பார்க்கிறேன்.

லேபிள்கணக்கு

அளவுக்கு: கிளெரிட்களின் தலை கீழ்நோக்கி மடிந்திருக்கும். உலரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் மடியும். அதனால் மொத்த நீளம் நம்பகமில்லாத அளவு. முன்முதுகின் நீளம், அதிகபட்ச அகலம், உறைச்சிறகின் நீளம், தோளில் அகலம், கண்ணோடு சேர்த்துத் தலை அகலம், இரு கண்களுக்கிடையே குறுகிய தூரம் என்று தனித்தனியாக அளந்து விகிதமாகத் தாருங்கள். எந்தத் தட்டை அளக்கிறீர்களோ அது லென்ஸுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். முன்முதுகும் உறைச்சிறகும் ஒரே தளத்தில் இல்லை, இரண்டுக்கும் வண்டைச் சாய்த்து நிறுத்துங்கள்.

கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு பெருக்கத்திலும் மேடை மைக்ரோமீட்டர் வைத்துச் சரிபாருங்கள். 'கிளிக்' நிற்காத ஜூம் என்றால் ஒரே பெருக்கத்தில் எல்லாவற்றையும் அளந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். 0.02 மி.மீ. பிழை உள்ள கருவியில் அளந்துவிட்டு விகிதத்தை மூன்று தசமத்தில் எழுதுவது பொய்த்துல்லியம்.

படத்துக்கு: வெள்ளைச் செதில்தான் உங்கள் தொல்லை. உடல் தெளிவாகத் தெரிய வெளிச்சம் வைத்தால் செதில் வெளுத்துத் தட்டையாகிவிடும். வெள்ளைக்கு அளவு வைத்து எடுத்துவிட்டு, இருண்ட பகுதியைப் பின்னால் தூக்குங்கள். பாதியாக அறுத்த பிங்பாங் பந்து, அல்லது டிரேசிங் தாளைக் குழாயாகச் சுருட்டி வண்டைச் சுற்றி நிறுத்தினால் பளபளப்பு அடங்கும். அடுக்குப் படத்துக்கு ஆழம் 2.5 மி.மீ., படி 50 மைக்ரான் என்றால் சுமார் 50 படம் வரும். இது 2 மடங்கு லென்ஸுக்கு. 5 மடங்கில் 10 மைக்ரானுக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் நடுநடுவே மங்கல் பட்டை விழும்.

நாலாம்விதி

பெயரிடல் விதிப்பக்கம். விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பில் இப்போது நடப்பில் இருப்பது 1999-இல் வந்து 2000 ஜனவரி 1 முதல் அமலான நான்காம் பதிப்பு. தவறினால் பெயரே இல்லாமல் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்; அடைப்பில் இருப்பவை விதி எண்கள்.

புது இனம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும் (16.1). 'ஒருவேளை புதிது என்றால் இந்தப் பெயர் வைக்கலாம்' என்ற நிபந்தனை வாசகம் 1960-க்குப் பிறகு செல்லாது (15.1). மற்ற இனங்களிலிருந்து பிரிக்கும் பண்புகளைச் சொல்லில் தர வேண்டும்; படம் மட்டும் போதாது (13.1). ஹோலோடைப்பை வெளிப்படையாகக் குறித்து, எந்தத் தொகுப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்று எழுத வேண்டும் (16.4). மின்னிதழில் மட்டும் வருகிற கட்டுரை என்றால் வெளியாவதற்கு முன்பே ஸூபேங்க் என்ற பெயர்ப்பதிவுத் தளத்தில் பதிந்து, பதிந்ததற்கான சான்றும் வெளியீட்டுத் தேதியும் அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும் (8.5). எண் வாங்கிவிட்டுக் கட்டுரையில் போட மறப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

ஒரு மாதிரி மட்டும் இருந்தாலும் விதி தடுக்காது. ஆனால் மாறுபாடு தெரியாது, அந்த ஒன்று தேய்ந்தது என்றால் கதை முடிந்தது. 'அல்லோடைப்' என்று பெண்ணுக்குத் தனி லேபிள் ஒட்டுவது வழக்கம், விதியில் அதற்குப் பெயர்தாங்கும் மதிப்பு கிடையாது. பாராடைப்புக்கும் அப்படியே.

பெயர் பேரினத்தின் பாலோடு பொருந்த வேண்டும் (31.2). கல்லிமெரஸ் ஆண்பால், சைமடோடெரா பெண்பால், ஸ்டிக்மாடியம் அலிப்பால். கறுப்பு என்ற இலத்தீன் சொல் மூன்றிலும் முறையே நிகெர், நிக்ரா, நிக்ரும். தமிழ்ச்சொல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இலத்தீனாக்காத அயற்சொல்லுக்கு ஈறு மாறாது, இனம் வேறு பேரினத்துக்குப் போனாலும் அப்படியே நிற்கும். இலத்தீன் எழுத்தில், மேற்குறி இல்லாமல் எழுத வேண்டும். 'ழ' வந்தால் எந்த எழுத்தில் எழுதுவது என்று முன்பே ஒரு முடிவுக்கு வாருங்கள். அச்சேறிய பின் 'இப்படித்தான் உச்சரிக்க வேண்டும்' என்று திருத்த முடியாது.

குழிப்புள்ளி

விவரணை எந்த மொழியிலும் இருக்கலாமா?

நாலாம்விதி

இருக்கலாம். விதி மொழியைக் கட்டாயப்படுத்தவில்லை. பரவலாகப் புழங்கும் மொழியில் இருப்பது நல்லது என்று பரிந்துரை மட்டும் உண்டு. தமிழில் எழுதினாலும் பெயர் செல்லும், ஆனால் அடுத்து இந்தப் பேரினத்தைத் திருத்தப்போகிறவர் அதைப் படிக்க முடியாமல் உங்களைத் திட்டுவார்.

பெயரை இதழ் வெளிவரும்வரை எங்கும் எழுத வேண்டாம். ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், படத்தளம் எதிலும். விவரணை இல்லாத வெற்றுப்பெயராக அலைந்துகொண்டிருக்கும்.

லேபிள்கணக்கு

அடையாளக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. பலர் எழுதுவது: 'அழகிய மஞ்சள் நிறத்தாலும் தனித்துவமான பொட்டுகளாலும் மற்ற இனங்களிலிருந்து வேறுபடுகிறது.' இதை வைத்து எந்த வண்டையும் பிரிக்க முடியாது. உங்கள் தரவை வைத்து எழுதினால்:

'ஆ-வை ஒத்தது. வேறுபாடு: ஆணின் ஆறாவது அடிவயிற்றுத் தட்டின் பின்விளிம்பில் ஆப்பு வடிவ வெட்டு, தட்டின் நீளத்தில் இத்தனை பங்கு ஆழம் (ஆ-வில் மேலோட்டமான குழிவு, வெட்டு இல்லை), உறைச்சிறகின் நடுச் செதில்திட்டு, இரு உறைச்சிறகும் சேரும் இணைகோட்டை எட்டாது (ஆ-வில் எட்டும்).'

ஒவ்வொரு பண்புக்கும் எதிர்ப்பக்கம் அடைப்புக்குள் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மூன்று போதும். திட்டைக் குறிப்பிடுவதானால், தேய்ந்த மாதிரியில் நுண்குழிகளின் எல்லையை வைத்துத் தெரியும் என்று ஒரு வரி சேருங்கள். மூன்றாவது எண் மாதிரி அதற்காகவே இருக்கிறது.

விவரணை தலையில் தொடங்கி வயிற்றில் முடியட்டும். ஹோலோடைப்பை மட்டும் வைத்து எழுதுங்கள், மற்றவற்றில் மாறுவதை 'மாறுபாடு' என்ற தனிப்பத்தியில் தாருங்கள். ஆறையும் கலந்து எழுதினால், பின்னால் இரண்டு இனம் கலந்திருந்தது என்று தெரியவரும்போது எந்த வரி எதற்கென்று பிரிக்க முடியாது.

ஹோலோடைப்புக்கு 1 அல்லது 2. இரண்டில் எதில் கால்நகங்களும் உணர்கொம்பின் 11 கணுக்களும் முழுதாக இருக்கின்றனவோ அது. லேபிளை இருக்கிறபடியே, பிழையோடு, வரிமுறிவுக்குச் சாய்கோடு போட்டுப் படியெடுங்கள். திருத்தம் இருந்தால் சதுர அடைப்பில். ஆயத்தொலைவு நான்கு தசமத்தில் என்றால் சுமார் 11 மீட்டர் துல்லியம், கொடி தட்டிய இடத்துக்கு அது போதும். தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாள் எது மாதம் எது என்ற குழப்பம் வராது. சேகரிப்பு, ஏற்றுமதி அனுமதி எண்களும் கட்டுரையில் வரட்டும். அனுமதி இல்லாத மாதிரியைப் பல இதழ்கள் தொடாது.

குழிப்புள்ளி

அ-வின் டைப்புக்குப் பொறுப்பாளர் பதில் எழுதியிருக்கிறார். வண்டு அட்டையில் முழு வயிறும் பசையில் மூழ்கி ஒட்டியிருக்கிறதாம். கழற்ற அனுமதி உண்டு, ஆனால் அவர்களே செய்வார்கள், சில மாதம் ஆகும். என்னிடம் உள்ள இரண்டு பெண்களோடு மேல்பக்கம் வைத்துப் பார்த்தால் பொட்டுகளின் இடம் கிட்டத்தட்ட ஒன்று. அ என்பது பெண்ணை வைத்து மட்டும் விவரித்த இனம், ஆணைப் பற்றி எங்கும் எழுத்து இல்லை.

பட்டைக்கடியில்

அப்படியென்றால் உங்களிடம் இருப்பது அ-வின் இதுவரை யாரும் பார்க்காத ஆணாகவே இருக்கலாம். கட்டுரையை இதழுக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பெண்ணின் புணர்ச்சிப்பையும் விந்துப்பையும் உங்கள் 3-ஆம் மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஒத்துப்போனால் புது இனக் கட்டுரை இல்லை, அ-வின் மறுவிவரணை, ஆணை முதன்முறை விவரிப்பது. அதற்கும் இதே படங்களும் அளவுகளும்தான் வேண்டும், எதுவும் வீணாகாது.

கிளிசரின்துளி

பெண்ணின் உள்ளுறுப்பு சவ்வு, நிறமேற்றாமல் தெரியாது. கரைசலில் நேரத்தைப் பாதியாக்குங்கள். அலசியபின் குளோரசால் பிளாக் நீர்க்கரைசலில் சில நொடி மட்டும் காட்டி உடனே நீருக்கு மாற்றுங்கள். கூடிவிட்டால் எல்லாம் ஒரே கறுப்பு, இறக்குவது கடினம். 6 இளசு, அதன் சவ்வு சுருங்கும். 3-இல் செய்யுங்கள். அங்கேயும் அதே நிறம், அதே நிலையில் படமெடுக்கச் சொல்லி உங்கள் படத்தை முன்கூட்டியே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

குழிப்புள்ளி

சரி. 3-ஐ இன்றே ஈரடப்பாவில் வைத்துவிட்டேன். ஹோலோடைப்புக்கென்று அச்சடித்த சிவப்பு லேபிளை இப்போதைக்கு எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டேன்.